மாமாவின் லாகினை மூடியவள்

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவள் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால், “பூட்டு வருது, வாயைப் பூட்டு” என்று யாராவது முணுமுணுப்பதும், மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பதும் அவளுக்குத் தெரியும்.

அது ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனம். எந்தக் கிளையில் யாருக்கு ஊசி குத்தினாலும் முடிவு வந்து சேருவது தலைமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஏசி ஓயாமல் இரையும் ஒரு சின்ன அறையில் இருந்த டேட்டாபேஸ் சர்வருக்குத்தான். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பேக்கப் ஒழுங்காக எடுக்கிறதா, எடுத்த பேக்கப்பைத் திரும்பப் போட்டால் உயிர் வருகிறதா, யார் எந்த டேபிளை, அதாவது எந்தத் தகவல் பட்டியலைப் பார்க்கலாம், யார் அதில் கை வைக்கலாம் என்பதெல்லாம் அவள் பொறுப்பு.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாமா, அக்காவின் கணவர். நிறுவனம் ஒற்றை அறையில் நடந்த காலத்திலேயே அங்கே சேர்ந்தவர். சர்வரில் இருந்த டேபிள்கள் எல்லாம் அவர் உட்கார்ந்து கட்டியவை. டாக்டர்களுக்குப் போகும் தினசரி ரிப்போர்ட்டுகளும் அவர் எழுதியவைதான்.

அவள் சேர்ந்தபோது எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டு. சர்வரில் எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய அட்மின் பாஸ்வேர்டு அது. வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். தண்ணி கேன் போட வருகிறவருக்குக்கூட மனப்பாடம். ஒரு நாள் கிளைப் பெண் ஒருத்தி, ஒரு நோயாளியின் பதிவில் ‘பெண்’ என்று இருந்ததை ‘ஆண்’ என்று திருத்தப் போய், எந்த நோயாளிக்கு என்று சர்வருக்குச் சொல்ல மறந்துவிட்டாள். அந்தக் கிளையில் இருந்த அத்தனை பேரும் ஆணாகிவிட்டார்கள், கர்ப்பிணிகள் உட்பட. அன்றைக்கு முழுக்க பேக்கப்பிலிருந்து எடுத்துப் போட்டு அவள் சரிசெய்தாள். மறுநாளே ஆளுக்கொரு லாகின் கொடுத்து, அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் வைத்து, மிச்சத்தையெல்லாம் பிடுங்கினாள். பூட்டு என்ற பெயர் வந்தது அப்போதுதான்.

அவள் பக்கம் நின்றது மாமா ஒருவர் மட்டும்தான். “கத்தறவங்க கத்தட்டும் குட்டி. மொதல்ல எனக்கே போடு பூட்டை” என்றார்.

பிறகு புது மேனேஜர் வந்தார். சர்வர் மந்தமாக இருக்கிறது என்று சொல்லி அவளைக் கூப்பிட்டார். “யாரு எவ்ளோ நேரம் உள்ள இருக்காங்க, எவ்ளோ வேலை குடுக்கறாங்கன்னு சர்வருக்குத் தெரியுமா?”

“இப்போ தெரியும் சார். ஆளுக்கொரு லாகின் இருக்கே.”

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமை. சர்வருக்கு மெமரி வாங்கித் தரத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஆளுக்கொரு கோடாகப் படம் போட்டே கொடுத்தாள். அதில் எல்லோரையும்விடக் குட்டையான கோடு மாமாவுடையது. தன் ரிப்போர்ட்டுகள் விடியுமுன் தானாகவே ஓடும்படி அவர் எப்போதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அதனால் பகலில் அவருக்கு சர்வரில் அதிக வேலை இல்லை. அவள் அதைச் சொன்னாள். “இது லாகின் கணக்குதான் சார், வேலைக் கணக்கு இல்ல.” மேனேஜர் தலையை ஆட்டினார். ஆட்டின தலைக்குள் எதுவும் இறங்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

சில வாரம் கழித்து ஒரு காலை, மேனேஜர் அவள் மேஜைக்கே வந்தார்.

“வேலை கம்மியா இருக்கற ஒருத்தரை இன்னிக்கு அனுப்பறோம். அவரோட லாகினை மூடணும். அவரை என் ரூமுக்குக் கூப்பிடறதுக்குள்ள முடிச்சிடுங்க. கோவத்துல எதையாவது அழிச்சிட்டுப் போயிடக்கூடாது பாருங்க.”

“யாரு சார்?”

சொன்னார். “உங்க சொந்தம்னு தெரியும். அதான் நேர்ல வந்து சொல்றேன்.”

“நான் மாட்டேன்னு சொன்னா?”

“வெளியிலேருந்து ஆளை வரவழைப்பேன். ஆனா அப்போ ரெண்டு லாகின் மூட வேண்டியிருக்கும்.”

அவள் கணவனுக்கு அப்போது வேலை இல்லை. அம்மா அவள் வீட்டில்தான் இருந்தாள். சிறுநீரகத்துக்கு மருந்து நிற்கக்கூடாது. அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். பிறகு ஒற்றை வரி அடித்தாள். சர்வர் ‘முடிந்தது’ என்றது.

மாமாவைக் கூப்பிடுமுன் மேனேஜர் ஏதோ போன் பேச்சில் மாட்டிக்கொண்டார். அதற்குள் அவள் மேஜை போன் அடித்தது.

“குட்டி, என் பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குதும்மா. காலையில நல்லாத்தானே இருந்துச்சு.”

“பாக்கறேன் மாமா.”

“நான்தான் எதையாவது தப்பா அடிச்சிருப்பேன். கண்ணாடி மாத்தணும், மாத்தணும்னு உங்க அக்காவும் கத்திட்டே இருக்கா.”

“இல்ல மாமா. சர்வர்ல ஏதோ...”

“அப்படியா? அவசரமில்ல, நீ டீ குடிச்சிட்டு மெதுவா பாரு.”

அவள் போனை வைக்கவும், அட்டெண்டர் மாமாவின் மேஜைப் பக்கம் நடந்து போவது கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தது.

மதியம் அடுத்த உத்தரவு வந்தது. மூடினால் போதாது, அந்தப் பெயரே இருக்கக்கூடாது. அவள் நீக்கப் பார்த்தாள். சர்வர் மறுத்தது. இவர் பெயரில் டேபிள்கள் இருக்கின்றன, இவரை நீக்க முடியாது என்றது. நோயாளி, பரிசோதனை, முடிவு என்று கட்டியவர் பெயரில்தான் எல்லாமே இருந்தன. “கம்பெனி பேருக்கு மாத்திட்டு எடுங்க, இதுக்கு என்ன யோசனை?” என்றார் மேனேஜர். அதுவும் ஒற்றை வரிதான். விரலை எடுப்பதற்குள் எல்லாம் கைமாறிவிட்டன. அதன்பின் மாமாவின் பெயர் சத்தமில்லாமல் போயிற்று.

மறுநாள் ஒரு டாக்டருக்கும் ரிப்போர்ட் போகவில்லை. அது மாமாவின் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது; இல்லாத பெயரில் எப்படி ஓடும்? மேனேஜர் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவர்போல ஓடி வந்தார். “உங்க பேர்ல ஓட விடுங்க!” அவள் விட்டாள். ஓடியது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அவரு போன் பண்ணினப்போ உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுக்கிட்டா சர்வர்ல ஏதோன்னு சொன்ன?”

“அக்கா, எனக்கு வேற வழி...”

“வேலையக் காப்பாத்துன்னு உன்னை யாரும் கேக்கலடி. வீட்டுக்குப் போங்க மாமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவரே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு மரியாதையா வந்திருப்பாரு. இப்போ வாட்ச்மேன் பையத் தொறந்து பாத்து அனுப்பியிருக்கான். இப்ப அவரு வேலையையும் சேத்து நீதான் பாக்கறியாமே?”

அம்மா அதுவரை சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் இரண்டு புடவையும் மருந்துப் பெட்டியும் எடுத்து வந்து அக்கா பக்கம் நின்றாள்.

“எங்கம்மா போற? உனக்காகத்தானேம்மா...” என்றாள் இவள்.

“அதான் போறேன்” என்றாள் அம்மா. “இந்தச் சோறு எனக்குத் தொண்டையில எறங்காது.”

மாமா பல இடங்களில் வேலைக்கு எழுதிப் போட்டார். ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் போல இருந்தது. இங்கே டேபிள்களையெல்லாம் கட்டியது தான்தான் என்று அவர் சொன்னது உண்மையா என்று மேனேஜரிடம் போனில் விசாரித்தார்கள். அவளைக் கூப்பிட்டு, டேபிள்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று காட்டச் சொன்னார் மேனேஜர். காட்டினாள்.

“அப்படி யாரு பேரும் இல்லைங்க, எல்லாம் கம்பெனியோடது” என்று போனில் சொன்னார்.

“சார், அத்தனையும் அவரு கட்டினது. பேரை மாத்தினது நான்தான்” என்றாள் அவள். அதற்குள் போன் வைத்தாயிற்று.

“ஸ்கிரீன்ல இருக்கறதத்தான் நான் சொல்ல முடியும்” என்றார் மேனேஜர். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த வருடம் தலைவலிக்கு மாத்திரை வாங்க ஒரு மருந்துக்கடையில் ஏறினாள். பில் போடும் இடத்தில் மாமா. புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

“வாங்க. என்ன வேணும்?”

அடையாளம் தெரியவில்லையோ என்று நினைத்தாள். “மாமா, நான்தான்.”

“தெரியுதுங்க. பின்னாடி ஆளு நிக்கறாங்க, சொல்லுங்க.”

திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பாள். அந்த ‘ங்க’வுக்கு முன்னால் அவளால் நிற்க முடியவில்லை. “அம்மா எப்படி இருக்காங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“உங்க அக்காவைக் கேளுங்க” என்றார். மாத்திரையைக் கவரில் போட்டு நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

கணவனுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. “இன்னும் எதுக்கு அங்க போய் உக்காந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர? விட்டுத் தொலை” என்றான் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே.

“விட்டா மாமா ரிப்போர்ட்ட யாராவது கண்டபடி கெடுத்து வெச்சிடுவாங்க.”

“அவருக்கே அது வேண்டாதது. உனக்கு எதுக்கு?”

அவள் மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் வழக்கம்போல் பஸ் பிடித்து வேலைக்குப் போனாள்.