ஹெல்கா அன்ரி வெட்டிய வரி

"அண்ணை, ஹெல்கா அன்ரி மோசம் போட்டா" என்று பக்கத்து வீட்டு மாலா ஃபோனில் சொன்னபோது, லண்டன் இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றேன். சாவுச் செய்தி கேட்டபின் வேலைக்குப் போக மனம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நம் தெருவில் முப்பது வருஷம் இருந்த ஜெர்மன்காரி. நம் தமிழ்ச் சனத்தின் செத்த வீடுகளுக்கெல்லாம் கறுப்புக் கோட்டோடு முதல் ஆளாக வந்து நின்றவர். முப்பத்தோராம் நாள் நாம் கொடுக்கும் நினைவு மலர்களை, தமிழ் தெரியாமலே பக்கம் பக்கமாகப் புரட்டுவார். அவற்றை எழுதுகிறவன் நான். "எனக்கும் ஒன்று எழுது. இப்போதே எழுது. செத்த பிறகு நான் திருத்த ஏலாது" என்றார் ஒருநாள்.

நம் வழக்கப்படி அன்ரியின் தகப்பனில் தொடங்கினேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ரிசேர்வ் அதிகாரியாகக் கிழக்குப் போர்முனைக்கு அழைக்கப்பட்டவர். ஓர் ஆற்றங்கரையை விடாமல் காத்ததற்காக இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். 'வீரப்பதக்கம் பெற்ற அதிகாரியின் செல்வப் புதல்வி' என்று எழுதி, ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அன்ரி பேனையைப் பறித்து அந்த வரியை வெட்டினார். தாளே கிழிந்துபோனது.

பிறகு தகப்பன் தாய்க்கு எழுதிய கடிதத்தை எடுத்து வந்து வாசித்தார். "அக்கரை ஊரைக் கொளுத்தினோம். ஆட்கள் வெளியேறினார்களா என்று பார்க்க நேரமிருக்கவில்லை." அடுத்த வரியில் வீட்டு ஆப்பிள் மரத்தை விசாரித்திருந்தார். "பதக்கத்தைப் போட்டால் இதையும் போடு. இரண்டும் ஒரே கிழமைக்குள் நடந்தவை" என்றார் அன்ரி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த தகப்பனைப் பற்றி ஆராவது இப்பிடி எழுதுவினமே, அன்ரி?"

"அவர் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். எனக்கு அவரில் உயிர். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?" என்றவர், மெதுவாகக் கேட்டார்: "இலங்கையில் நடந்த உங்கள் சண்டையில் உன் வீட்டார் ஒருவரும் இருக்கவில்லையா?"

"இல்லை" என்றேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "எழுதினாயா?" என்று மட்டும் கேட்டார். "ஓம், ஓம்" என்றேன். பச்சைப் பொய். அதை நம்பி, என் கையைப் பிடித்தபடியே நித்திரையாகிவிட்டார்.

"அந்தக் கதை ஏன் அண்ணை, நல்லதை மட்டும் எழுதுங்கோவன்" என்கிறார் மாலா. மன்னிக்க வேண்டும், மாலா. தகப்பனின் பதக்கமும் அவர் எரித்த ஊரும் இந்த மலரின் முதல் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

அன்ரி எனக்கு விட்டுப்போனது அவர் கேட்ட கேள்விதான். எனக்குக் கூடப்பிறந்த அண்ணை ஒருவர் இருந்தார். அந்தச் சண்டையில் துவக்கு ஏந்திப் போராடியவர். அவருக்கும் மலர் எழுதியவன் நான்தான், எட்டுப் பக்கம். ஊரில் எங்கள் வீட்டு முன் ஒழுங்கையில் ஒரு மனிதனை, அவன் மனைவி காலைப் பிடித்துக் கதறக் கதற, அவர் இழுத்துக்கொண்டு போனது அதில் இல்லை. அந்த மனிதன் திரும்பி வரவேயில்லை என்பதும் இல்லை.

வீட்டு வாசல் படலையடியில் நின்று அதைப் பார்த்தேன், அன்ரி. நான் பார்த்தேன்.