எங்கள் கலையரங்கத்தில் ஒரு கல்யாணம்

இன்று பாளையங்கோட்டை பஸ்ஸில், மடியில் எங்கள் கலையரங்கத் திறப்பு விழா அழைப்பிதழ்க் கட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆற்று வெள்ளம் புகுந்து நாசமான அரங்கம். நிர்வாகியாகப் பொறுப்பேற்று, சேறு வாரி, மேடைப் பலகை மாற்றி, கலைந்துபோன நடிகர்களை ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்து வந்திருக்கிறேன்.

பக்கத்து இருக்கை அம்மாள் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்துவிட்டு வருகிறார். மண்டபம் எது என்று கேட்டேன்.

"ஆத்தங்கரை கலையரங்கத்துலதான்க்கா."

"அங்கன நாடகம்லா போடுவாவ?"

"இனி அதெல்லாம் கிடையாதாம். கல்யாண மண்டபமா மாத்துதாவ. செயலாளர் அண்ணாச்சியே எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தேதி குடுத்தாவ."

எங்கள் அரங்கக் குழுவின் அந்தச் செயலாளர்தான் காலையில் இந்த அழைப்பிதழைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சிரித்தவர்.

மடியில் இருந்த கட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன். "என்னைக்குக் கல்யாணம்?"

"தை மொத ஞாயித்துக்கிழம. நீங்களும் வந்துருங்கக்கா."

எங்கள் முதல் நாடகமும் அன்றைக்குத்தான்.

இறங்கியதிலிருந்து செயலாளருக்கு நான்கு முறை போன் செய்துவிட்டேன். எடுக்கவில்லை.

அதே அரங்கத்தில் வேறு விசேஷத்துக்குத் தேதி வாங்கியவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். நாற்காலியெல்லாம் புதிதாகத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.