மய்யத்தைக் கொண்டாங்க

கைப்பேசியை நீட்டினால் அலீம் பாய் வாங்கமாட்டார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார்.

“படம் வேணாம். மய்யத்தைக் கொண்டாங்க.”

செத்துப்போன சார்ஜரும் உப்பிப்போன பேட்டரியும் அவர் அகராதியில் மய்யத்து, அதாவது பிணம். தேக்காவில் ஒரு பூக்கடையை ஒட்டி, ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிகிற கடை அவருடையது. மேலிருந்து சார்ஜர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். குனியாமல் வருபவரின் தலையில் ஒன்றாவது இடிக்கும். அதற்கு அவர் மன்னிப்புக் கேட்டதில்லை.

அன்று காலை புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்த வேய்ன் என்ற இளைஞர், சார்ஜர் கேட்டு, தன் மடிக்கணினி கறுப்பு நிறம் என்று மட்டும் அடையாளம் சொன்னார். “என் செருப்புகூட கறுப்புதான் லா,” என்றார் பாய். சார்ஜர் ‘பின்’ உள்ளே போனால் போதாதா என்று வேய்ன் விடாமல் கேட்டார். “பள்ளிவாசல்ல கழட்டி வெச்ச என் செருப்புக்குள்ள யார் காலும் போவும். அதுக்காக அது அவங்க செருப்பா?” பிறகு தம் வழக்கமான பாடத்தையும் நடத்தினார். “வோல்ட்டு பொண்டாட்டி மாதிரி, மாத்தக்கூடாது. வாட்டு சோறு மாதிரி, கூட இருந்தா பரவால்ல, கொறைஞ்சா சண்டை.” வேய்ன் வெறுங்கையுடன் ரயிலேறினார்.

அதே காலையில்தான் பாசிர் ரிஸ் வீட்டில் பாயின் மனைவி ஹலீமாவின் சார்ஜரும் செத்திருந்தது. பிற்பகலில் அவருக்குக் காணொளியில் நேர்முகத் தேர்வு. பிள்ளை வளர்ப்பில் போன வருடங்களுக்குப் பிறகு கிடைத்த முதல் அழைப்பு, கணக்கர் வேலை. பேச்சோடு விடமாட்டார்கள், திரையில் கணக்குப் போட்டும் காட்ட வேண்டும். கைப்பேசியில் அது நடக்காது. பழைய சார்ஜரை எடுத்துப் போகும்படி ஹலீமா சொன்னதற்கு, பாய் செருப்பை மாட்டியபடியே பதில் சொன்னார். “நான் வாங்குன லேப்டாப். எனக்குத் தெரியாதா?”

நண்பகலில் புதுச் சார்ஜரோடு வீட்டுக்குப் போனார். சார்ஜர் ‘பின்’ கணினிக்குள் நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். அவர் வாங்கித் தந்த கணினியை மகள் யும்னா எப்போதோ எடுத்துக்கொண்டு தன்னுடையதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“ரெண்டு வருஷமா இதத்தான் தொறந்து வெச்சு ஒங்க எதுக்கால உக்கார்றேன்,” என்றார் ஹலீமா. “பின்னு இருக்கட்டும். கலராச்சும் தெரிஞ்சுதா?”

கணினி சாம்பல் நிறம்.

மறுபடி வீட்டுக்கு வந்துபோக நேரமில்லை. கணினியையும் எடுத்துக்கொண்டு இருவரும் டாக்சியில் தேக்காவுக்கு விரைந்தார்கள். வழி நெடுக பாய் சிக்னல்களைத் திட்டினார். ஹலீமா யாரையும் திட்டவில்லை. அதுதான் பாய்க்குப் பயமாக இருந்தது. கடைக்குள் நுழைந்ததும் ஹலீமா கைப்பையிலிருந்து பழைய சார்ஜரை எடுத்து மேசைமேல் வைத்தார். “இந்தாங்க, மய்யத்து.”

பாய் அதிலிருந்த எழுத்துகளை வாய்விட்டுப் படித்து, கொத்திலிருந்து ஒன்றை உருவினார். பின் நுழைந்தது, விளக்கு எரிந்தது, உடனே அணைந்தது. இந்த முறை சார்ஜர்மேல் குற்றமில்லை. கடையின் ஒரே சுவர்ப்பொருத்தி வெகுநாளாகவே தளர்ந்து கிடந்தது. பிளக்கை அழுத்திப் பிடித்தால்தான் மின்சாரம் வரும்.

ஹலீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்துப் புன்னகைத்தார். பாய் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கையால் பிளக்கைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். கேள்விகள் வந்தன. மனைவியின் ஆங்கிலம் இவ்வளவு மிடுக்கானது என்பதும் அவருக்குப் புதுச் செய்தி.

தொங்கும் சார்ஜர்களுக்கு நடுவே ஒரு தலை நுழைந்தது. வேய்ன்.

“அங்கிள், பழைய சார்ஜர மறந்து வீட்டிலயே வெச்சுட்டேன். அதோட லேபிள மட்டும் கிளியரா ஃபோட்டோ எடுத்திருக்கேன். இன்னொரு தடவ போக முடியாது லா.”

பாய் வாயைத் திறந்தார். ஹலீமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மேசைக்கடியில் ஒரு விரலை உயர்த்தினார். பாய் வாயை மூடிக்கொண்டார். வலது கையைப் பிளக்கிலிருந்து எடுக்காமல், இடது கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார். படத்தைக் கட்டைவிரலால் பெரிதாக்கினார்.