பஸ்லியாவின் பாசியும் என் எட்டுக்காலியும்

ஈரச் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் இருப்புக்கொள்ளாது, எழுந்து நடந்துவிடுவேன். எங்கள் ஊர் பலாபத்வலையில் நோன்புப் பெருநாள் நெருங்கியதும் வாப்பா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். அந்த வருடம் அதற்குச் சற்று முன்னால், ஓடும் உயிர் ஒன்றையும் ஓடாத உயிர் ஒன்றையும் இருவர் இருவராகப் பார்த்து, ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார் எங்கள் டீச்சர். பக்கத்து வீட்டில் இருந்த சாச்சி மகள் பஸ்லியாதான் என் கூட்டு. "ஓடுறது எனக்கு!" என்று முந்திக்கொண்டேன்.

நான் எடுத்துக்கொண்ட "எட்டுக்காலி"ச் சிலந்தி ஓடினால்தானே? உள்ளங்கை அகலத்தில், வலையும் பின்னாமல், குசினியின் பின்சுவரில் ஆணி அடித்தாற்போல் நாள் முழுக்க ஒட்டிக்கிடந்தது. நான்தான் கால் மாற்றி மாற்றி நின்றேன். அதே சுவரின் அடியில் வெயிலில் கருகிச் சுருண்டிருந்த பாசிமேல் பஸ்லியா ஒரு கோப்பைத் தண்ணீரைத் தெளித்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இலை விரித்துப் பச்சையானது. "பாருடி, எந்திரிக்குது!" என்று குதித்தாள். பொறாமையில் வெந்துபோனேன்.

சனிக்கிழமை சுண்ணாம்பு அடிக்குமுன் சுவரைச் சுரண்ட வாப்பா சுரண்டியோடு வந்தார். உம்மா ஓடி வந்து, "எட்டுக்காலிய ஒண்ணும் செஞ்சிராதீங்க, நபிநாயகம் குகைக்குள்ள இருந்தப்போ வலை பின்னி வாசல மறைச்சு காப்பாத்தின உசிரு" என்றார். வாப்பா அதை ஈர்க்குச்சியால் பக்குவமாகத் தள்ளிப் பலாமரத்தில் விட்டார். அது விட்டது ஓட்டம்! பாசிக்காகப் பேச ஒருவரும் இல்லை.

"இது பஸ்லியாட பாடத்துக்கு உள்ளதா மகள்? வச்சிருக்கணுமா?" என்று வாப்பா என்னைத்தான் கேட்டார்.

"தேவல்ல வாப்பா, சுரண்டுங்க."

குர்ஆன் ஓதப் போயிருந்த பஸ்லியா திரும்பி வந்து, கோப்பைத் தண்ணீரோடு வெள்ளைச் சுவரின் முன்னால் நின்றாள். "பெரியவாப்பா தெரியாம சுரண்டிட்டாரு போல" என்றாள். நான் முற்றத்துப் பக்கம் நடந்துவிட்டேன். கொப்பியில் அவள் எழுதினாள்: பாசி இன்று இல்லை.

இப்போது அந்தச் சுவருக்கு டைல்ஸ் பதித்துவிட்டோம், பாசி ஒட்ட வழியில்லை. சாச்சியின் வீடும் கைமாறிவிட்டது. எட்டுக்காலி மட்டும் எங்கிருந்தோ வந்து டைல்ஸ்மேல் உட்கார்ந்துகொள்கிறது. கட்டாரிலிருந்து பஸ்லியா பேசும்போதெல்லாம், "என்ட பாசிய சுரண்டின மனுசன்" என்று வாப்பாவைச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, போனை வைத்ததும் வீட்டுக்குள் நடக்கத் தொடங்குகிறேன். வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து ஆறு வருடம் ஆகிறது. என் பழியை இன்னும் அவர்தான் சுமக்கிறார்.