வில்லை மட்டும் ஆட்டினேன்

இசைக் கல்லூரிக்கு நான் பாட்டுப் படிக்கத்தான் போனேன். சேர்க்கை நாளில் பாட்டுப் பிரிவில் இடம் தீர்ந்துவிட்டது என்றார்கள். "வயலின்ல இடம் இருக்கு, சேர்றியா?" என்று மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் கேட்டார். தலையாட்டினேன். வயலினை அதுவரை டிவியில் பார்த்ததோடு சரி. கூட வந்திருந்த என் நைனாவுக்கு மட்டும் ஏமாற்றம் துளியும் இல்லை. பழவேற்காடு பஸ்ஸில் திரும்பி வரும்போது, "பாட்டு எல்லாருந்தான் பாடறாங்க. இத்த நம்ம குப்பத்துல யாரு தொட்டிருக்காங்க?" என்று இரண்டு மூன்று முறை சொன்னார்.

வகுப்பின் முதல் நாளே எனக்குக் கூசிப் போனது. மற்றவர்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டவர்கள். சான்றிதழுக்காக வந்தவர்கள். மேடம் ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னார். அவர்கள் வர்ணம் வாசித்தார்கள். என் முறை வந்தபோது பெட்டியைத் திறக்கவே தடுமாறினேன். சம்மணம் போட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

மேடம் என்னைத் தனியாக ஒரு மூலையில், சுவரில் மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்தார். விரலே வைக்காமல் வெறும் கம்பியில் வில்லை இழுக்க வேண்டும். வில் கோணக் கூடாது, கை நடுங்கக் கூடாது, ஒலி முதலிலிருந்து கடைசி வரை ஒரே கனத்தில் வர வேண்டும். எனக்கு எண்ணெய் காணாத கதவு திறப்பது போலத்தான் வந்தது. பல வாரங்கள் அதுதான் பாடம். பின்னால் மற்றவர்கள் வாசிக்க, கண்ணாடியில் என் முகத்தையே பார்த்தபடி கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

சித்திரை வந்தபோது சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற தொடக்கப் பாடங்களோடு இரண்டு கீதங்கள் கைக்கு வந்திருந்தன. என் வரையில் அது பெரிய தூரம்.

எங்கள் மீனவக் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அம்மன் திருவிழாவுக்காக வயலினோடு ஊருக்குப் போனேன். பாலத்தைத் தாண்டியதும் ஒரு பேனர். அம்மன் படத்துக்குக் கீழே என் பள்ளிக்கூடப் போட்டோவை வெட்டி ஒட்டி, பக்கத்தில் ஒரு வயலின் போட்டு, 'நம்ம ஊர் கலைமகளின் வயலின் கச்சேரி' என்று அச்சடித்திருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் உடன் வந்த பெண்கள் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் நைனா வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, எனக்கு இன்னும் பாட்டே வராது. பாடந்தான் வரும்."

"பாடத்த வாசி. யாரு கேக்கப் போறாங்க?"

"அது கச்சேரி ஆவாது நைனா."

"அப்ப இத்தினி மாசமா இன்னா படிச்ச?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வெறும் கம்பியில் வில் இழுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோயிலுக்கு எதிரே மேடை. எனக்குப் பிறகு பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்த ஆர்கெஸ்ட்ரா. அவர்கள் டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் மேடையில் ஏற்கெனவே பரப்பியிருந்தார்கள். அவற்றுக்கு முன்னால் ஒரு பாய் விரித்து என்னை உட்காரவைத்தார்கள். கடல் காற்றின் ஈரத்தில் வில்லின் மயிர் தளர்ந்து போயிருந்தது. முடுக்கி, கம்பிகளைச் சுருதி சேர்த்து, இரண்டு கீதங்களையும் வாசித்தேன். பயத்தில் வேகமாகவே வாசித்துவிட்டேன். முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. நான் வில்லைக் கீழே வைத்த பிறகு எங்கோ ஒருவர் கை தட்டினார்.

ஊர்த் தலைவர் மைக்கை வாங்கி, "இப்ப பாப்பா ஒரு நல்ல பாட்டா வாசிக்கும்" என்றார்.

என்னிடம் வேறு எதுவும் இல்லை. சரளி வரிசையை எடுத்தேன். முன் வரிசையில் இருந்த பெண்கள் பேசுவது நன்றாகக் கேட்டது.

"இன்னா, ஒண்ணையே இழுத்துகினு கீது?"

"சுதி சேக்குது. ரெடி ஆவட்டும் இரு."

அவர்கள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஜண்டை வரிசைக்கு வந்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சினிமா அம்மன் பாட்டின் பெயரைச் சொல்லிக் குரல் வந்தது. பிறகு பல குரல்கள். என் விரல்கள் வியர்த்துக் கம்பியில் வழுக்கின.

கீபோர்டுக்காரர் எனக்குப் பின்னால் குனிந்தார். நடு வயது, கனிவான முகம்.

"அந்தப் பாட்டு வருமாம்மா?"

"வராதுண்ணா."

"பரவால்ல. எங்கிட்ட வயலின் சவுண்டு கீது. நான் வாசிக்கறேன். நீ மைக்க வுட்டுத் தள்ளி ஒக்காந்து வில்ல மட்டும் ஆட்டு. கம்பில படாம."

அவர் எனக்கு உதவத்தான் செய்தார். மறுத்து எழுந்து போயிருக்கலாம். நான் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பாட்டு தொடங்கியதும் மேடைக்கு இரு பக்கமும் இருந்த ஸ்பீக்கர்களில் வயலின் குழைந்தது. நான் வில்லைக் கம்பிக்கு ஒரு நூல் மேலே இழுத்தேன். இடது கை விரல்களைத் தெரிந்தவள் போல ஓடவிட்டேன். விசில் பறந்தது. இரண்டாவது பாட்டு கேட்டார்கள். மூன்றாவதும் கேட்டார்கள். அந்த மூன்றாவது பாட்டில் நான் கண்ணை மூடித் தலையையும் ஆட்டினேன். அப்படிச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கூனிக்குறுக வைக்கிறது.

பொன்னாடை போர்த்தினார்கள். ஜெனரேட்டர் அருகே நின்ற நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். நைனா அதைப் போனில் வாங்கி வைத்துக்கொண்டு, மீன் ஏலம் விடும் இடத்தில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். வகுப்பில் வில்லைக் கம்பியில் வைத்தபோது ஒலி வரவில்லை, ஒரு பிசிறல்தான் வந்தது. மேடம் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "ஏன் கம்பியத் தொடவே பயப்படுறே? முன்னாடி இப்படி இல்லையே" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது நைனா என்னை ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவுக்கு அழைத்துப் போனார். அங்கே அவருடைய அக்கா இருக்கிறாள். ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவள். காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்ததால் திருவிழாவுக்கு வர முடியவில்லை. நைனாவின் போனில் அந்த வீடியோவை ஓடவிட்டு, கட்டிலில் சாய்ந்தபடி, "அந்த மூணாவது பாட்ட வாசி, கேப்போம்" என்றாள்.

வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தேன். அது சேர்ந்த பிறகும் சேர்த்துக்கொண்டே இருந்தேன். கம்பி அறுந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் நான்கும் அவள் கண்ணெதிரே இருந்தன.

"அத்த, அன்னிக்கு நான் வாசிக்கல. கீபோர்டுக்காரரு வாசிச்சாரு. நான் சும்மா வில்ல ஆட்டினேன்."

அத்தை நைனாவைப் பார்த்தாள். "இன்னாடா சொல்லுது இது?"

நைனா போனைப் பார்த்தார். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "கை ஆடுதே" என்றார்.

"ஆடுச்சி நைனா. சத்தம் என்னுது இல்ல."

அவர் அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி வுடு, அத்தினி கூட்டத்தப் பாத்து பயந்துட்டிருக்கும்" என்றாள் அத்தை. "உனுக்கு இன்னா வருமோ அத்த வாசி."

ஒரு கீதம் வாசித்தேன். முழுவதும் கேட்டாள். நான் வில்லை எடுத்த பிறகும் கொஞ்சம் காத்திருந்து, "முடிஞ்சிதா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். "நல்லா கீது" என்றாள், வீட்டுக்கு வந்த புது ஆளிடம் பேசுகிற மரியாதையோடு.

திரும்பும் வழியில் நைனா வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, "எல்லாருக்கும் காமிச்சிட்டேனே" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யார் யாரிடம் காட்டினோம் என்று மனசுக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நைனா வெட்கப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னுடைய வெட்கத்தை என்னால் சுமக்க முடிந்தது. அவருடையதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது முடியவில்லை.

மறு வருடம் திருவிழாவுக்கு முன் ஊர்த் தலைவர் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே இருந்தேன்.

"இந்த வாட்டியும் பாப்பாவ வாசிக்கச் சொல்லுப்பா" என்றார்.

"வேணாம் மாமா. அதுக்கு இன்னும் வரல. படிச்சிகினு கீது."

"போன வாட்டி அப்பிடி வாசிச்சிதே?"

"அது வாசிக்கல மாமா. ஆர்கெஸ்ட்ராக்காரன் வாசிச்சான். இது கைய மட்டும் ஆட்டிச்சி" என்றார் நைனா.

தலைவர் சத்தமாகச் சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால் பெண்கள் வெறும் கையை வில் இழுப்பதுபோல் ஆட்டிக் காட்டுவார்கள். கொஞ்ச நாள் நான் தண்ணீர் பிடிக்கவே போகவில்லை. அம்மா போனாள். அம்மாவிடமும் ஆட்டிக் காட்டினார்களா என்று நான் கேட்கவில்லை.

இப்போது மூன்றாம் வருடம். ஒரு வர்ணத்தை இரண்டு காலத்திலும் வாசிக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் வாசிப்பில் எங்கேயோ முன்னால் போய்விட்டார்கள். கல்லூரி ஆண்டு விழாவில் வயலின் பிரிவு சேர்ந்து வாசிக்கப் போகிறது. மேடம் என்னையும் கடைசி வரிசையில் போட்டிருக்கிறார். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நைனாவிடம் மட்டும் போனில் சொன்னேன்.

"எத்தினி பேரு வாசிப்பீங்க?" என்று கேட்டார்.

"பன்னெண்டு பேரு நைனா."

"அப்ப உன்னுது தனியா கேக்காது."

"கேக்காது."

பின்னால் படகின் என்ஜினை யாரோ கிளப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அது அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, "சரி, நான் வரேன்" என்றார்.