நிற்க விடாத ஓட்டத்துக்கு இவர் பெயரா?

டாக்டர் பூங்கோதை சென்ற வாரம் ஔந்தில் தம் வீட்டில் காலமானார். எனக்குச் செய்தி சொன்னவர் ஓட்டப் பயிற்சியாளர் ஜாதவ். "சேட், மேடம் போயிட்டாங்க" என்று ஃபோனில் தொடங்கியவர், நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள், "அவங்க பேர்ல ஒரு நினைவு ஓட்டம் வைக்கிறோம், பனியன் உங்க கடையிலேர்ந்துதான், இலவசமா" என்று முடித்தார். சாவும் ஆர்டரும் ஒரே மூச்சில். இத்தனை வருட வியாபாரத்தில் இப்படி ஒரு கொள்முதல் பேச்சை நான் கேட்டதில்லை.

நம் தமிழ்ச் சங்கத்து இதழுக்கு இரங்கலாக நாலு வரி கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் ஆத்திரம்தான் வருகிறது. அம்மையாரைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பொங்கல் விழாவில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடுகிற பிள்ளைகளின் உடல் எப்போது களைக்கிறது, எவ்வளவு ஓய்வில் பழைய நிலைக்கு வருகிறது, அந்த ஓய்வைக் கொடுக்காவிட்டால் எதெல்லாம் கெடுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வாழ்நாள் முழுக்க அதையேதான் பார்த்தார். பிம்ப்ரிப் பக்கத்து மைதானங்களில் விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரில் வந்து நிற்பார். சாங்வியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் எனக்கு அப்படித்தான் பழக்கம்.

பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது. களைப்பைப் போக்கும் என்று சொல்லி, எலுமிச்சை ருசியில் ஒரு பானப்பொடியை நான் இறக்கியிருந்தேன். டப்பாவில் போட அவர் பெயரைக் கேட்டுப் போனேன். மறுக்கவில்லை. மைதானத்துக்கு வரச் சொன்னார். பாதிப் பிள்ளைகளுக்கு என் பொடி, பாதிப் பேருக்கு எலுமிச்சைச் சாறு. பாட்டில் எல்லாம் ஒன்றுபோல. ஓடி முடித்ததும் யார் எதைக் குடித்தார்கள் என்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, ஓட்டத்திலும் வித்தியாசம் இல்லை. "அண்ணாச்சி, இதுல வேலை செய்யறது டப்பா மேல இருக்கற படம் மட்டும்தானுங்க" என்றார். கோயம்புத்தூர் 'ங்க' போட்டு அவர் திட்டினால் திட்டியது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும். சரக்கைத் திருப்பி அனுப்பினேன்.

மைதானத்துச் சுவரில் அவர் செய்த ஒரு காரியம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பயிற்சிக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் விரல் நுனியில் சாக்பீஸ் பொடி தொட்டுக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதித்துச் சுவரில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வழக்கமான உயரத்துக்குக் கீழே புள்ளி விழுந்தால் நேற்றைய களைப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் கிடையாது. ஜாதவுக்கு எரியும். "மேடம், பசங்க வேணும்னே குறைச்சுக் குதிக்கிறாங்க, ஏமாத்துறாங்க" என்பார். அம்மையார் அசரமாட்டார்: "ஏமாத்தியாவது ஒரு நாள் உக்காரணும்னு ஒரு குழந்தை நெனச்சா, அதுக்கு லீவு வேணும்னுதானுங்களே அர்த்தம்?" என்னிடம் தனியாகச் சொன்னது வேறு: "களைப்பு பொய் சொல்லாதுங்கண்ணாச்சி. கோச்சுங்கதான் சொல்லுவாங்க."

நோயில் படுத்த பிறகு பார்க்கப் போனவர்களில் ஒருவர்கூட அவரைச் சும்மா விடவில்லை. போராடுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள், நீங்கள் சிங்கம் என்று ஆளுக்கு ஒரு பூச்செண்டு. நான் உள்ளே போனபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். "யாரோடங்க போராடறது? களைப்பா இருக்குது, படுத்திருக்கறேன். ஊருக்கெல்லாம் சொன்னதை நான் செய்ய வேண்டாங்களா?" என்றார். சிரித்தார். பிறகு அவர் சொன்னது ஒரு பெண்ணைப் பற்றி. சாயலி, ஜாதவிடம் ஓடுகிற பதினான்கு வயதுப் பெண். டைஃபாய்டு வந்து அப்போதுதான் எழுந்திருந்தாள். "இந்த சீசன் அவளை ஓட விடாதீங்கன்னு ஜாதவ்கிட்ட சொல்லிட்டேன். கேப்பாரான்னு தெரியலீங்க" என்றார்.

இரங்கல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மேடையேறியவர்கள் எல்லோரும், ஓய்வென்றால் என்னவென்றே அறியாதவர் என்றுதான் புகழ்ந்தார்கள். தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய பெண்மணியைப் பற்றி! அந்தத் தூக்கத்தை அவர் யாருக்கும் மறைத்ததில்லை. ஒரு மனுஷி ஆயுள் முழுக்கச் சொன்னதைச் செத்த மறுநாளே தலைகீழாக்கிப் படத்துக்கு மாலை போடுகிறோம். படித்தவர்கள்தான் போடுகிறோம்.

இரண்டு நாள் கழித்து ஜாதவ் கடைக்கு வந்தார், பனியனில் அச்சடிக்க வேண்டிய வாசகத்தோடு. 'ருக்னா மனா ஹை.' நிற்கக் கூடாது என்று அர்த்தம். எங்கள் பேச்சு இந்தியில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

"எத்தனை மணிக்கு ஓட்டம்?"

"பத்தரைக்கு, சேட்."

"மே மாசத்துல பத்தரைக்கா?"

"நம்ம ஏரியா கட்சித் தலைவர்தான் கொடியசைக்கிறார். பத்துக்கு முன்னாடி அவர் எழுந்திரிக்க மாட்டாரே."

"அவர் எழுந்திரிக்காததுக்குப் பிள்ளைங்க ஏன் சுருண்டு விழணும்?"

"ஒரு நாள்தானே சேட். மேடம் படத்தை சாயலி கையில குடுத்து முன்னால ஓட விடுறோம். பேப்பர்ல ஜோரா வரும்."

"அந்தப் பிள்ளைய ஓட விடக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க" என்றார் ஜாதவ். "அவங்கதான் இப்ப இல்லையே."

கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். வாசகம் எழுதிய காகிதத்தை அவர் பக்கமே தள்ளினேன். அன்று காலையில்தான் சாயலியின் அம்மா கடைக்கு வந்து அழுதுவிட்டுப் போயிருந்தார். ஓட முடியாது என்று சொன்னால் மாநிலப் போட்டிக்கான பட்டியலில் மகள் பெயர் இருக்காது என்று ஜாதவ் சொல்லியிருந்தாராம்.

"சரி, பனியன் இல்லை" என்றேன்.

"நீங்க கடைக்காரரா, டாக்டரா?"

"கடைக்காரன்தான். அதனாலதான் பேரம் பேசுறேன்."

கோபித்துக்கொண்டு போனார். வேறு கடைகளில் இலவசமாகத் தருவாரில்லை. பனியன் முதுகில் தலைவர் படம் வரும் என்று வாக்கு வேறு கொடுத்துவிட்டார். சாயங்காலம் திரும்பி வருவார் என்று எனக்குத் தெரியும், வந்தார். டீ சொன்னேன். பிறகு பேசினோம்.

பூங்கோதை அம்மையாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கோபம். அவர் அதற்கு 'ங்க' போட்டு மரியாதை உடுத்திவிடுவார். எனக்கு அந்தப் பக்குவம் கிடையாது, வந்தபடியே வைத்துக்கொள்கிறேன். களைத்த பிள்ளையை ஓட்டுகிறவன் எவனைப் பார்த்தாலும் இனி அது வெளியே வரும்.

நாங்கள் பேசி முடித்தது இது. ஓட்டம் காலை ஆறு மணிக்கு. தலைவர் வந்தால் பரிசு கொடுக்கலாம், அவருக்காக ஒரு பிள்ளையும் காத்திருக்காது. பாதியில் நிற்கிறவர்களுக்கும் அதே பதக்கம், ஏன் நின்றாய் என்று யாரும் கேட்கக் கூடாது. வாசகம் கிடையாது. சாயலி ஓடமாட்டாள், அவள் பெயர் பட்டியலில் இருக்கும், அந்தப் பட்டியல் என் கண்ணில் பட்ட பிறகே சரக்கு வெளியேறும். பனியன் அத்தனையும், அச்சுக்கூலி உட்பட, என் செலவு. டெம்போ வாடகை ஜாதவுடையது.