லிஃப்ட் முனிகிருஷ்ணன் ஜப்பான் போன ஞாயிறு

“மூணு. காலு பாத்து,” என்று சொல்லி கிரில் கதவை இழுக்கும்போதே முனிகிருஷ்ணனின் கண் லிஃப்டுக்கும் மாடித் தரைக்கும் நடுவே போய்விடும். இரண்டும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். அரை அங்குலம் ஏறி நின்றாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இன்ஃபன்ட்ரி ரோட்டுக்குப் பின்னால் உள்ள ஆறு மாடிக் கட்டடம் அது. கைப்பிடியைத் திருப்பி ஓட்டுகிற பழைய லிஃப்ட். பொத்தான் அமுக்கினால் தானே போகிற லிஃப்ட் பெங்களூர் முழுக்க வந்துவிட்ட இரண்டாயிரத்து மூன்றிலும் கட்டட முதலாளி அதை மாற்றவில்லை. மாற்றினால் இந்த மனுஷனை எங்கே உட்கார வைப்பது என்ற கவலையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பத்தொன்பது வருஷமாக அதே ஸ்டூல். ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், செருப்பைப் பார்த்தே மாடி எண்ணைச் சொல்லிவிடுவார். அவரிடம் கதை கேட்பதில் கொஞ்சம் சிரமம் உண்டு. நாற்பது விநாடிப் பயணத்தில் ஒரு கதையை எப்படி முடிப்பது? எனவே திங்கட்கிழமை மேலே போகும்போது தொடங்கியதை வியாழக்கிழமை கீழே இறங்கும்போது முடிப்பார். “அப்பறம் இன்னா ஆச்சின்னா சார்...” என்று அவர் ஆரம்பித்தால், எதற்கு அப்புறம் என்று நாம்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அவர் திருப்பிச் சொல்லமாட்டார்.

இந்த நிதானப் பேர்வழிக்கு வீடியோ கேம் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? வயது நாற்பத்தொன்று, காதோரம் நரை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் அல்சூர் ஏரிப் பக்கம் ஹெர்பர்ட் என்பவர் வைத்திருந்த கேம் கடைக்குப் போய் அரை மணி நேரம் உட்காருவார். கார் ரேஸ்தான் ஆடுவார், ஆனால் ரேஸ் ஓடமாட்டார். கொடி அசைந்ததும் மற்ற கார்களெல்லாம் பறக்கும். இவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கமாக மெல்ல ஊர்ந்து போய், மரம் இருக்கிற இடமாகப் பார்த்து ஓரங்கட்டி நிறுத்துவார்.

“எல்லாரும் ஃபர்ஸ்ட் வர்றதுக்கு ஆடறாங்க. நீ ரேஸ் ட்ராக்ல டீ குடிக்க வர்றியேப்பா,” என்று ஹெர்பர்ட் தலையில் அடித்துக்கொள்வார்.

“நாளு பூரா மேலயும் கீழயுமே போறேன். ஒரு அர ஹவரு சைடுல போறேன், வுடு.”

அதிலும் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. மரம் தெரியும், மரத்துக்குப் பின்னால் மலையும் தெரியும். சரி, போய்ப் பார்ப்போம் என்று காரை விட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். எந்த கேமைப் போட்டாலும் இதே கதைதான். “காட்டறான், ஆனா வுட மாட்டேங்கறான்,” என்று நிஜமாகவே வருத்தப்படுவார்.

நாலாம் மாடி சாஃப்ட்வேர் கம்பெனியில் கவியரசன் என்று ஒரு பையன், வந்தவாசிக்காரன். கம்பெனிக்கு ஜப்பானில் வேலை என்பதால் ஜப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் ஒரு நாள் லிஃப்டில் அந்தச் சேதியைச் சொன்னான். அங்கே ஒரு சாமுராய் கேம், அந்தக் காலத்து வாள்வீரன் கேம், வரப் போகிறதாம். ஒரு நாடு முழுவதையும் உள்ளே வைத்திருக்கிறார்களாம். சுவரே கிடையாது. மலையில் ஆரம்பித்துக் கடற்கரை வரை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாமாம்.

“சும்னே நடக்கலாமா சார்?”

“நடக்கலாம்ணா.”

“யாரயும் வெட்டாம?”

நாலாம் மாடி வந்துவிட்டது. பதில் மாலையில் கீழே இறங்கும்போதுதான் கிடைத்தது. “வெட்டறதும் வெட்டாததும் உங்க இஷ்டம்ணா.”

அன்றிலிருந்து ஏழு மாதம். கவியரசனின் ஷூ உள்ளே நுழைந்ததும் முனிகிருஷ்ணன் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டார். “வந்துதா சார்?” என்பதே வணக்கம். விசாவைப் பற்றிக் கேட்கிறார் என்று ஐந்தாம் மாடி ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். கேம் இரண்டு முறை தள்ளிப்போனது. அந்தச் சேதியை எப்படிச் சொல்வது என்று கவியரசன் தயங்கினான். இவரானால் அவனுக்கே ஆறுதல் சொன்னார். “பர்வா இல்ல சார். பொறுமையா செய்யட்டும். அவசரத்துல செஞ்சா மட்டம் ஒக்காராது.”

பிறகு கவியரசன் மூன்று வாரப் பயிற்சிக்கு ஜப்பான் போனான். திரும்பி வந்தபோது கேம் ஆடுகிற மெஷினும் டிஸ்க்கும் அவன் பையில் இருந்தன. டிஸ்க் பெட்டியைக் கையில் வாங்கியதும் முனிகிருஷ்ணன் ஒரு காரியம் செய்தார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே லிஃப்டை நிறுத்திவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் அப்படி நிறுத்தியது அதுதான் முதல் தடவை. மேலே யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். பெட்டியின் பின்பக்கத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு படம். நீலமாக, ஓரத்தில் வெள்ளை நுரையோடு கடல்.

கடல் என்றால் அவருக்கும் அவர் மனைவி ரூபினிக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இருவருமே கடலைப் பார்த்ததில்லை. சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில்தானே என்று யாரும் கேட்கலாம். போனார்களே! பெரம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், தாலி கட்டி முடிந்து, பந்தியில் சாம்பாருக்காகக் காத்திருந்து, அதே ராத்திரி வண்டியில் திரும்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் லிஃப்ட் ஓட வேண்டும், ரூபினிக்கு கார்மென்ட்ஸில் எட்டு மணி ஷிஃப்ட். வண்டி கிளம்பும்போது ரூபினி, “இங்கேர்ந்து எந்தப் பக்கங்க கடலு?” என்று மட்டும் கேட்டாள். எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வி அவருக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

“ஞாயித்துக்கெழம ஃப்ரீயா இரு. உனக்கு கடலு காட்றேன்,” என்றார் இப்போது. ரூபினி சிரித்தாள். ஆனாலும் தையல் வரிசையில் பக்கத்து மெஷின்காரியிடம், ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவைத்தாள். மெட்ராஸா என்று அவள் கேட்டதற்கு, “இல்லக்கா, ஜப்பானு,” என்றாள்.

ஒரே ஒரு ஞாயிறுதான். கவியரசன் இரண்டு வருஷத்துக்கு ஜப்பானே போகிறான். மெஷின் வந்தவாசியில் இருக்கும் அவன் தம்பிக்கு. ஞாயிறு ராத்திரி அவனுக்கு பஸ், மாலை ஆறு மணிக்கு வந்து மெஷினை எடுத்துக்கொள்வான். அதற்குள் எத்தனை ஜப்பான் பார்க்க முடியுமோ பார்த்துக்கொள்ள வேண்டியது.

காலை எட்டரைக்கு கவியரசனே ஜோகுபாளையம் வந்து, முனிகிருஷ்ணனின் ஒற்றை அறை வீட்டில் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். கூடவே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஜப்பான் கரண்டுக்கும் நம் கரண்டுக்கும் ஒத்துப்போகாதாம். “எல்லாமே ஜப்பானீஸ்லதான் வரும்ணா,” என்று தயங்கினான்.

“இங்கிலீஷ்ல வந்தா மட்டும் நான் படிச்சிக் கிழிச்சிடப் போறேனா சார்? நீ போய்ட்டு வா.”

முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை செத்தார். வழியில் ஒருவன் கத்தியை உருவிக்கொண்டு வந்தான். முனிகிருஷ்ணன் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவன் இவரை வெட்டிவிட்டுப் போனான். மூன்றாம் முறை சோளக்காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார், பிழைத்தார். அதற்கப்புறம் சுகமான நடைதான். மூங்கில் தோப்பு வந்தது, நெல் வயல் வந்தது. ஒரு புத்தர் கோயிலும் வந்தது. ரூபினியின் அம்மா வீட்டில் தலைமுறையாகப் பௌத்தர்கள். எனவே அவள் சமையலை விட்டு வந்து டி.வி. முன்னால் கைகூப்பிவிட்டு, குழம்பைக் கிளறப் போனாள். கிணறு கண்ட இடத்திலெல்லாம் முனிகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். ஒரு மலையைக் குறிவைத்து நடந்தார். சுவர் எதுவும் முட்டவில்லை. மலையே வந்துவிட்டது. “வுடறான் ரூபி, வுடறான்!” என்று கத்தினார். திரையில் அவராக நடக்கிற சாமுராயின் இடுப்பில் இரண்டு கத்திகள் சும்மா தொங்கிக்கொண்டு வந்தன.

இரண்டரை மணிக்கு ஒரு பெரிய மரப்பாலம் தெரிந்தது. மூலையில் இருந்த சின்ன வரைபடத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் முழுக்க நீலம். “இன்னா, வந்துட்ச்சா?” என்று ரூபினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பாலத்தில் பாதி தூரம் போயிருப்பார். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அண்ணே!”

சாமுராய் நின்றுவிட்டான். முனிகிருஷ்ணன் ரூபினியைப் பார்த்தார், ரூபினி அவரைப் பார்த்தாள். மறுபடியும் அதே குரல், தெளிவாக, கொஞ்சம் இழுத்து, “அண்ணே...” பாலத்தின் தொடக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒரு பெண், முதுகில் மூட்டையோடு நின்றுகொண்டு, வந்த பாதையின் பக்கமாகக் கையைக் காட்டினாள்.

லிஃப்டில் அவரை எல்லாரும் ‘அண்ணா’ என்பார்கள், அது சும்மா மரியாதைக்கு. ‘அண்ணே’ என்று இழுத்துக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் நான்கு பேர்தான். நான்கு தங்கைகள், நான்கு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்தக் குரல் கேட்டால் திரும்பாமல் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“ஏங்க, அவ ஜப்பான்காரிங்க. தமிளு எப்டி பேசுவா?”

“கூப்ட்டுட்டாளே.”

“கடலு அந்தாண்ட கீதுங்க!”

“அவ வூடு இந்தாண்ட கீதே. தனியா நிக்கறா பாரு, மூட்ட வேற.”

சாமுராய் திரும்பினான். அந்தப் பெண் முன்னால் நடக்க, இவர் பின்னால் போனார். நடக்கிற பெண்ணா அவள்? பத்தடிக்கு ஒரு தரம் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். பூவைப் பார்த்தால் நின்றாள், நாயைப் பார்த்தால் பயந்தாள். முனிகிருஷ்ணன் அவளை முந்தவும் இல்லை, விட்டுவிட்டு வரவும் இல்லை. மூன்றரை ஆனது, நாலரை ஆனது. ரூபினிக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து போய்த் துணி மடித்தாள். பெரம்பூரில் வராத கோபம் இப்போது வந்தது. ஒவ்வொரு சட்டையையும் உதறுகிற சத்தம் முனிகிருஷ்ணனுக்கு நன்றாகக் கேட்டது. செய்வது சரி என்றுதான் அவருக்குத் தோன்றியது, இருந்தும் வரைபடத்தில் நீலம் சுருங்குவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணை அவள் வீட்டு வாசலில் விட்டபோது மணி ஐந்து நாற்பது. அவள் தலை தாழ்த்தி என்னவோ சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. பரிசு ஒன்றும் தரவில்லை. அதே நேரம் இங்கே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பை, டிக்கெட் சகிதமாக கவியரசன் நின்றான்.

ரூபினி அவனிடம் முறையிட்டாள். “நீயே கேளுப்பா. அந்தப் பொண்ணு அண்ணேன்னு கூப்ட்டாளாம், கடல வுட்டுட்டு அவ பின்னாடி போய்ட்டாரு!”

கவியரசனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “ஐயோ அண்ணா, அது ‘அனோ நே’. இதோ பாருங்களேன்னு அர்த்தம். எல்லாரயும் அப்டித்தான் கூப்புடுவாங்க.”

முனிகிருஷ்ணன் திரையில் மூடிக்கிடந்த அந்தக் கதவைப் பார்த்தார். “அவங்க ஊர்ல அப்டி இருக்கும் சார். எனக்குக் கேட்டது அண்ணேதான். வுட்டுட்டு வந்திருந்தா சரிப்பட்டிருக்காது.” பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “இருவது நிமிஷத்துல பாலத்துக்குப் போவ முடியாது, இல்ல?”

“ஓடுனா போயிடலாமேண்ணா.”

“ஓடலாமா?”

காலையிலிருந்து அந்த சாமுராய் ஓடவே இல்லை. ஓட ஒரு பொத்தான் இருப்பது இவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. கவியரசன் பக்கத்தில் குந்தி, அவர் விரலைப் பிடித்து வட்டமான பொத்தானின்மேல் வைத்தான். “இத அமுக்கிப் புடிங்க. வுடாதீங்க.”

சாமுராய் பாய்ந்தான். வயல் ஓடியது, தோப்பு ஓடியது, புத்தர் கோயில் ஒரு மூலையில் வந்து மறைந்தது. முனிகிருஷ்ணன் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத் திரும்பினார். கத்தியோடு நிற்கிறவன் இந்த முறையும் வந்தான். “அப்பறம் வர்ரேன், அப்பறம் வர்ரேன்!” என்று அவனுக்குக் கை காட்டியபடி ஓடினார். துணியைப் போட்டுவிட்டு ரூபினி எப்போது வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள் என்று அவருக்குத் தெரியாது. “ரைட்டுல, ரைட்டுல திரும்புங்க!” என்று அவள்தான் வழி சொன்னாள். கவியரசன் பஸ்ஸை மறந்துவிட்டான்.

பாலம் தடதடவென்று கடந்தது. மணல் மேடு ஒன்று குறுக்கே நின்றது, சாமுராய் அதில் ஏறினான். மேலே போனதும் முனிகிருஷ்ணனின் விரல் தானாகவே பொத்தானை விட்டது.

கடல்.

சின்ன டி.வி.தான், ஓரத்தில் கொஞ்சம் பச்சையடிக்கும். ஆனாலும் முழுத் திரையும் கடலாக இருந்தது. ஸ்பீக்கரில் அலைச் சத்தம் வந்தது. ரூபினி வாயைப் பொத்திக்கொண்டாள். “அம்மாடி, எம்மாம் பெருசு,” என்றாள். சாமுராய் மேட்டிலிருந்து இறங்கி, ஈர மணலில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தான்.

மணி ஆறு ஐந்து. கவியரசன் மெதுவாகக் கேட்டான். “எடுத்துக்கட்டுமாண்ணா?”

தூரத்தில் ஒரு பெரிய அலை திரண்டு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. முனிகிருஷ்ணன் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுந்து நின்று, லுங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டார்.